அரக்கன் யார் வீட்டு வாசலில் நிற்கிறான்?

கேள்வி, பிப்ரவரி 9

புராணத்தில் வரும் அரக்கர், அசுரர், ஒற்றைக்கண்ணர் எல்லாரும் சமூகம் ஒதுக்கிவைத்தவர்களின் குறியீடு என்று போகிற இடமெல்லாம் படிக்கிறேன். எனக்கென்னவோ இது இன்றைய இரக்கத்தை எடுத்துப் பழைய கதையின் மேல் பூசுவதாகத்தான் படுகிறது. அரக்கன் ஆளைத் தின்கிறான், அவனைக் கொல்கிறார்கள். இதில் குறியீடு எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 9, இரவு

பாதி சரி. ஆனால் அந்தப் 'பூசுவது' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு.

பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சுவடி கி.பி. 1000-ஐ ஒட்டியது. அதில் அரக்கன் கிரெண்டல் முதன்முதலில் வரும் இடத்தில் அவன் பல்லையும் காணோம், நகத்தையும் காணோம். இருட்டில் ஒருவன் இருக்கிறான். பக்கத்து மண்டபத்தில் நாள்தோறும் விருந்து, யாழ், பாட்டு. அந்தச் சத்தம் அவனை வதைக்கிறது. கவிஞர் நமக்குத் தரும் முதல் செய்தி இவ்வளவுதான். அப்புறம் அவனுக்கு ஒரு பட்டம் சூட்டுகிறார்: 'மியர்க்ஸ்டாபா', எல்லையோரத்தில் நடந்து திரிபவன். பைபிளில் தம்பியைக் கொன்று துரத்தப்பட்ட காயீனின் வம்சம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

கிரெண்டல் சாக வேண்டும் என்பதில் அந்தக் கவிஞருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இருந்தும் இதை எழுதினார். பூசியவர் அவர்தான், நானில்லை.

பிப்ரவரி 10

விட்டுப்போன ஒன்று. கிரெண்டலைச் சொல்ல அந்தக் காவியம் 'ஆக்லேக்கா' என்றொரு சொல்லைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. கடைசியில் காவிய நாயகன் பெயோவுல்ஃப் கிழவனாகி நாகத்தோடு மோதும்போது, இருவரையும் சேர்த்து அதே சொல்லால் 'அந்த ஆக்லேக்காக்கள்' என்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் கிரெண்டலுக்கு வந்தால் 'அரக்கன்' என்றும் நாயகனுக்கு வந்தால் 'மாவீரன்' என்றும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். மூலத்தில் இல்லாத வேலி அகராதியில் முளைத்துவிட்டது.

பிப்ரவரி 10, மாலை

"ஒற்றைக்கண்ணன் என்ன பாவம் செய்தான், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டவர் சீண்டுகிறார். சொல்கிறேன்.

கிரேக்கக் காவியமான ஒடிஸி, ஒன்பதாம் பாகம். ஒற்றைக்கண்ணரான சைக்ளோப்களைப் பற்றி நாயகன் ஒடிஸியஸ் சொல்லும் முதல் குற்றச்சாட்டு கண்ணைப் பற்றியதே இல்லை. அவர்களுக்குச் சபை கிடையாது, சட்டம் கிடையாது, உழுவதில்லை, ஒவ்வொருவனும் தன் பெண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ராஜா, அடுத்தவனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதாவது, நம்மைப்போல் ஊர்கூடி வாழத் தெரியாதவர்கள்.

ஆனால் குகைக்குள் போனதும் அவன் கண்ணில் படுவது என்ன? தட்டுத் தட்டாகப் பாலாடைக்கட்டி. பட்டியில் ஆட்டுக்குட்டிகள், மூத்தது ஒருபுறம், நடுத்தரம் ஒருபுறம், பிறந்த குட்டி ஒருபுறம் எனப் பிரித்து அடைத்திருக்கிறது. பாத்திரங்களில் மோர்த்தெளிவு ததும்புகிறது. ஊரில் பாதிப் பேர் வீடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில் உள்ளே வந்து, கேட்காமல் எடுத்துத் தின்றுவிட்டு, வந்தால் விருந்தாளிக்குரிய பரிசும் கொடுப்பான் என்று உட்கார்ந்திருப்பவன் நம் நாயகன். எடுத்ததோடு கிளம்பிவிடலாம் என்று கூட வந்தவர்கள் கெஞ்சுகிறார்கள். இவன் கேட்கவில்லை.

சரி, அந்தக் குகைக்காரச் சைக்ளோப் பாலிஃபெமஸ் ஆறு பேரைத் தின்றான். அதை மறக்கச் சொல்லவில்லை. கண் போன பிறகு, குகை வாசலில் தன் கிடாயைத் தடவியபடி, "எப்போதும் முதலில் போவாயே, இன்று ஏன் கடைசி? எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா?" என்று கேட்கிறான். அந்தக் கிடாயின் வயிற்றடியில்தான் ஒடிஸியஸ் தொங்குகிறான். இந்த இடத்தில் எனக்கு நாயகன் மேல் எரிச்சல் வராமல் இருந்ததில்லை.

கிரேக்கப் புராணத்து மெதூசா கதையும் இதே ரகம். கோயிலில் வைத்துக் கெடுக்கப்பட்டவள் அவள், தலையில் பாம்பு முளைத்த தண்டனையும் அவளுக்கே.

பிப்ரவரி 12

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பற்று என்று ஒருவர் கேட்டார். காரணம் சின்னது, கொஞ்சம் வெட்கமானது.

ஐந்தாம் வகுப்பில் நடு வருடத்தில் ஒரு பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். என் பேச்சின் இழுவை அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது அரக்கன் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. இரண்டே வசனம். ஒன்று சிரிப்பு, மற்றொன்று "விடமாட்டேன்!". சட்டைக்குள் தலையணை, அடுப்புக்கரியில் மீசை, அட்டையில் வெட்டிய கோரைப்பல். பல் எச்சிலில் ஊறி, இரண்டாவது வசனம் வருவதற்குள் வளைந்து நாக்கில் குத்தியது. செத்து விழுந்த பிறகு திரை மூட வேண்டும். கயிறு சிக்கிக்கொண்டது. தரைப்புழுதியில் மூக்கை வைத்துக்கொண்டு, தும்மல் வராமல் பல்லைக் கடித்தபடி, வீரனைப் புகழும் பாட்டு முழுவதையும் படுத்தபடியே கேட்டேன்.

வெகுகாலம் கழித்துக் கிரெண்டல் யாழோசை கேட்கும் வரிகளைப் படித்தபோது, முதலில் ஞாபகம் வந்தது அந்தப் புழுதி வாசனை.

பிப்ரவரி 13

மேலே எழுதியதைப் படித்தால் பரிதாபம் கேட்பதுபோல இருக்கிறது. உண்மை என்னவென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாளிலிருந்து "டேய் அரக்கா" என்று கூப்பிட்டு விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் கெட்ட பெயர்தான், ஆனால் உள்ளே வர அனுமதிச்சீட்டு அதுதான்.

பிப்ரவரி 13, இரவு

மெதூசா விஷயத்தில் தவறு செய்துவிட்டேன், திருத்துகிறேன். கோயிலில் நடந்த கொடுமையும் பாம்புக் கூந்தல் தண்டனையும் ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதை. அவருக்குச் சுமார் எழுநூறு ஆண்டு முந்தைய ஹெசியோடிடம் அப்படி எதுவும் இல்லை. அங்கே அவள் மூன்று கார்கன் சகோதரிகளில் ஒருத்தி, சாவு உள்ளவள் அவள் மட்டும். கடல் தெய்வம் அவளோடு கூடியது பூத்த புல்வெளியில். தண்டனை, சாபம் ஒன்றும் கிடையாது.

ஆக இங்கே இரக்கம் பின்னால் வந்து பூசப்பட்டதுதான். கேள்வி கேட்டவருக்கு ஒரு புள்ளி. ஆனால் பூசி இரண்டாயிரம் வருடம் ஆகிவிட்டது, இன்றைய பெயின்ட் இல்லை.

பிப்ரவரி 14

'அசுரன்' என்ற சொல்லைப் பாருங்கள். ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் அது வருணனுக்கும் இந்திரனுக்குமே சொல்லப்படும் மரியாதைப் பெயர், தலைவன் என்பதுபோல. பிற்பாடுதான் தேவர்களின் எதிரிக் கட்சிக்குப் பெயராகிறது. பக்கத்தில் ஈரானிய வேதமான அவெஸ்தாவில் நிலைமை தலைகீழ்: அங்கே 'அஹுரா' பரம்பொருள், 'தேவ' என்பவை கெட்ட சக்திகள். ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்த இரண்டு மொழிகள். வேலிக்கு இந்தப்பக்கம் சாமி, அந்தப்பக்கம் பேய்.

ராட்சதருக்கும் ஒரு வேடிக்கை உண்டு. வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டம், பிரம்மா நீரைப் படைத்து அதைக் காக்கச் சில உயிர்களைப் படைத்தார் என்கிறது. 'காப்போம்' என்றவர்கள் ராட்சதர் ஆனார்களாம். காவல்காரனாக வேலைக்குச் சேர்ந்தவன் கடைசியில் திருடன் பட்டியலில்.

பிப்ரவரி 16

சிரிக்க ஒன்று. பிளினி என்ற ரோமர் கி.பி. முதல் நூற்றாண்டில் உலகத்து அதிசய மனிதர்களைப் பட்டியல் போட்டார். நாய்த்தலையர் வருகிறார்கள். ஒற்றைக் காலோடு பிறந்து, வெயில் அடித்தால் மல்லாந்து படுத்து அந்தப் பெரிய பாதத்தையே குடையாகப் பிடித்துக்கொள்பவர்கள் வருகிறார்கள். இவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்றால், இந்தியாவில். இதில் நிறைய விவரம் அவருக்கும் ஐந்து நூற்றாண்டு முன்பு பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் தெசியாஸ் எழுதிவைத்தது. அவர் இந்தியாவில் காலே வைத்ததில்லை.

அரக்கன் யார் என்று இவ்வளவு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நாம்தானாம்.

பிப்ரவரி 17

நேற்றைய வேடிக்கை இன்று வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கிரேக்கரின் 'பார்பரோஸ்', 'பர் பர்' என்று என்னவோ உளறுகிறவன் என்ற பொருளில் பிறந்த சொல். வடமொழியின் 'மிலேச்ச'னும் அப்படியே, திருந்தாத பேச்சுக்காரன். கோரைப்பல் பிறகுதான் முளைக்கிறது, முதலில் பேச்சு புரியாமல் போகிறது. என் ஐந்தாம் வகுப்பு இழுவையை நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நான் அறிந்த நல்ல கதை மணிமேகலையில், ஆதிரை பிச்சையிட்ட காதையில் இருக்கிறது. சாதுவன் பொருளையெல்லாம் கணிகையிடமும் சூதிலும் தொலைத்துவிட்டு, சம்பாதிக்கக் கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்கி, மரத்தடியில் அயர்ந்து தூங்குகிறான். ஆடை இல்லாத, ஆளைத் தின்னும் நாகர்கள் வந்து பார்க்கிறார்கள். தனியாக வந்து மாட்டிக்கொண்டான், பாவம், நல்ல இறைச்சி என்று எழுப்புகிறார்கள். எழுந்தவன் அவர்கள் பாஷையில் பேசுகிறான். எப்போதோ பிழையறக் கற்றிருந்தானாம். அவ்வளவுதான், சூழ்ந்து நின்றவர்கள் விலகிக் கும்பிட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். வாள் இல்லை, வரம் இல்லை.

அதற்கு மேல்தான் எனக்குப் பிடித்த இடம். தலைவனிடம் அழைத்துப்போகிறார்கள். கள் காய்ச்சும் பானை, முடைநாற்றம், காயும் வெள்ளெலும்பு, நடுவே அவன் மனைவியோடு உட்கார்ந்திருப்பது கரடி தன் பெண்ணோடு இருப்பதைப் போல என்கிறார் சாத்தனார். பேசவைத்த பிறகும் அந்தக் கரடியை விட அவருக்கு மனம் வரவில்லை! ஆனால் அந்தக் கரடி முதலில் செய்வது விருந்தோம்பல். இவனுக்கு ஓர் இளம்பெண்ணையும் கள்ளும் ஊனும் கொடுங்கள் என்கிறான். சாதுவன் மறுத்து, உயிர், மறுபிறப்பு என்று அறம் சொல்லத் தொடங்கியதும் தலைவன் சிரித்துவிட்டுக் குறுக்குக்கேள்வி போடுகிறான்: உடம்பை விட்டுப் போகும் உயிர் வேறோர் இடத்தில் போய்ப் புகுகிறது என்கிறாயே, அது எப்படிப் புகுகிறது, சொல். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

முடிவில் இருவரும் பேரத்துக்கு வருகிறார்கள். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறான் சாதுவன். எங்களால் முடிந்த அறம் இது, செய்கிறோம் என்று ஒத்துக்கொண்டு, தலைவன் சந்தனம், அகில், துணி எல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறான். கொடுக்கும்போது மறைக்காமல் சொல்கிறான்: முன்பெல்லாம் கப்பல் கவிழ்ந்து வந்தவர்களைத் தின்றோம், இது அவர்களுடைய பொருள்.

இந்த வாக்கியம் இருப்பதால்தான் இந்தக் கதையை நம்புகிறேன். வெளியாள் அப்பாவி என்று சாத்தனார் சொல்லவில்லை. தின்றவன்தான். அவனோடு பேசவும் முடிகிறது.

பிப்ரவரி 18

"அப்படியானால் பாஷை தெரிந்தால் எந்த அரக்கனும் அடங்கிவிடுவானா?" இல்லை. பாலிஃபெமஸும் ஒடிஸியஸும் ஒரே மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். அங்கே மொழி ஏமாற்றத்தான் உதவியது, 'என் பெயர் யாருமில்லை' என்று.

பிப்ரவரி 20

என் வாதத்துக்கு நானே எதிர்ச்சாட்சி கொண்டுவருகிறேன். சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம். புகார் நகரின் நாற்சந்தியில் குடியிருக்கிறது, பொய்ச்சாட்சி சொல்பவனையும் பிறன்மனை நாடுபவனையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்கிறது. ஒரு பொய்ச்சாட்சிக்காரனின் தாய் கதறுவதைக் கண்டு கோவலன், அவனை விட்டு என்னை எடுத்துக்கொள் என்கிறான். கீழான உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்வது என் வழக்கம் இல்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. இது எந்த எல்லையிலும் திரியவில்லை. ஊர் நடுவில் உத்தியோகம் பார்க்கிறது.

ஆகவே எல்லாக் கோரைப்பல்லும் ஒதுக்கப்பட்டவனுடையது என்று அடித்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சில பல் காவல் நிலையத்துடையது.

பிப்ரவரி 22

கடோத்கசனை இத்தனை நாள் எப்படி விட்டேன்? தாய் அரக்கி ஹிடிம்பை, தந்தை பீமன். அவளை ஏற்றுக்கொண்டதே நிபந்தனையோடு: பிள்ளை பிறக்கும்வரை பீமன் உடன் இருப்பான், அவ்வளவுதான். பிள்ளை வளர்ந்து, கூப்பிட்ட நேரமெல்லாம் தந்தை வீட்டுக்காக வந்து நிற்கிறான். பதினான்காம் நாள் இரவுப் போரில், அர்ஜுனனுக்கென்று கர்ணன் பத்திரப்படுத்தியிருந்த சக்தி என்ற வேலாயுதத்தை இவன் மேல் செலவழிக்க வைத்துச் சாகிறான். பாண்டவர்கள் அழ, கிருஷ்ணன் மட்டும் மகிழ்ச்சியில் கூத்தாடுகிறான். வேல் செலவானதற்கு மகிழ்ந்தான், சரி. ஆனால் பிற்பாடு சொல்வதுதான் தொண்டையில் நிற்கிறது: கர்ணன் கொல்லாமல் விட்டிருந்தால் நானே இவனைக் கொல்ல வேண்டியிருந்திருக்கும், வேள்விக்கும் பிராமணர்க்கும் பகைவன் இவன். உயிரைக் கொடுத்த அன்றைக்கும் அவன் உறவுக்காரன் ஆகவில்லை.

தாயைக் கதை காட்டிலேயே விட்டுவிட்டது. மணாலியில் 1553-இல் எழுந்த மரக்கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே அவள் தெய்வம்.

பிப்ரவரி 25

பன்னிரண்டாம் தேதி நாடகக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதிக்கு முன்னால் என்கிடுவைச் சொல்ல வேண்டும்.

மெசொப்பொத்தேமியாவின் கில்கமெஷ் கதை. என்கிடு காட்டில் மான்களோடு மேய்ந்தவன், உடம்பெல்லாம் மயிர். ஷம்ஹத் என்ற பெண்ணோடு ஆறு பகல் ஏழு இரவு கழித்த பிறகு மான்கள் அவனைக் கண்டு ஓடுகின்றன. ரொட்டி தின்னவும் பீர் குடிக்கவும் கற்று, ஊருக்குள் வந்து மன்னன் கில்கமெஷுக்கு நண்பன் ஆகிறான். இருவரும் தேவதாருக் காட்டின் காவலன் ஹும்பாபாவைக் கொல்லப் போகிறார்கள். அவனைக் காவலுக்கு வைத்தவர் என்லில் தெய்வம். இராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011-இல் வாங்கி, 2014-இல் வாசித்து வெளியான களிமண் பலகையில் அந்தக் காட்டின் வர்ணனை கூடுதலாகக் கிடைத்தது: பறவைகள், சில்வண்டுகள், குரங்குகள், எல்லாம் சேர்ந்து ஹும்பாபாவுக்கு நாள்தோறும் கச்சேரி வைக்கின்றன. கிரெண்டல் அடுத்தவர் பாட்டைக் கேட்டு வெந்தான். இவனுக்குச் சொந்தப் பாட்டு இருந்தது.

பிடிபட்டதும் ஹும்பாபா உயிருக்குக் கெஞ்சுகிறான். என்கிடுவைச் சின்ன வயதிலேயே காட்டில் பார்த்தவன் அவன். கில்கமெஷ் தயங்குகிறான். தயங்காதே, கொல், கொல் என்று விரட்டுபவன் என்கிடு.

எனக்கு ஆறாம் வகுப்பு. நடு வருடத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான், வகுப்பிலேயே உயரம், பேசினால் திக்கும். நாடகத்துக்கு ஆள் எடுக்கும் நாளன்று, இந்தத் தடவை எல்லாத் தலையும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். "அவனைப் போடலாம் சார், பொருத்தமா இருப்பான்." நல்ல யோசனை என்றார்கள். இடைவேளையில் அந்த அரக்கச் சிரிப்பை நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிரிக்கும்போது அவனுக்குத் திக்கவில்லை.

பிப்ரவரி 26

சிறுபிள்ளைத்தனம், விடுங்கள் என்று ஒருவர் ஆறுதல் சொல்கிறார். சிறுபிள்ளைதான். ஆனால் எனக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. அவன் வந்த அன்றே கணக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "அரக்கன் வெளியாள் என்பதைவிட, நேற்றைய வெளியாள் இன்றைய வாயிற்காவலன் என்பதுதான் நீங்கள் சொல்ல வந்ததா?" என்கிறார். தொடங்கும்போது அப்படி நினைக்கவில்லை. கிரெண்டலுக்காக வக்கீல் வேலை பார்க்கத்தான் வந்தேன்.

என்கிடுவின் கடைசியையும் சொல்லிவிடுகிறேன். ஹும்பாபாவைக் கொன்ற கையோடு அந்தக் காட்டின் மிக உயர்ந்த தேவதாருவை வெட்டி, என்லில் கோயிலுக்கு ஒரு கதவு செய்தான். எழுபத்திரண்டு முழ உயரம், இருபத்து நான்கு முழ அகலம். செய்த கொலைக்குத் தண்டனையாக அவன் சாகவேண்டும் என்று தெய்வங்கள் தீர்ப்புச் சொன்னதைக் கனவில் கண்டபின், படுக்கையில் கிடந்தபடி கண்ணை உயர்த்தி, எதிரில் ஆள் நிற்பதைப்போல அந்தக் கதவோடு பேசுகிறான். உனக்கு அறிவு கிடையாது, எனக்கு உண்டு என்று தொடங்குகிறான். உன் மரத்துக்கு நிகரான மரம் காட்டிலேயே இல்லை என்று புகழ்கிறான். இப்படித்தான் எனக்குப் பலன் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் கோடாரியால் உன்னைப் பிளந்திருப்பேன் என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கில்கமெஷ், நண்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அழுகிறான்.